ரோமானியக் கோவில்களைப் படிக்க விரும்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா,

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த உங்கள் மகள், பண்டைய ரோமானியரின் சமயத்தையும் வழிபாட்டிடங்களையும் படிக்க வேண்டும் என்கிறாள். உங்கள் அண்ணனோ நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடத்தைப் பேசிவைத்துவிட்டு, "கோவில் ஆராய்ச்சி சோறு போடுமா?" என்று கேட்கிறார். உங்கள் பயம் நியாயமானதே. ஆனாலும் ஆறுதல் சொல்வதைவிட, அந்த இடத்தை வாங்காதீர்கள் என்று சொல்வதே என் கடமை. கல்லூரிகள் நன்கொடை வாங்குவதை 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்; கணிதத்தை வேண்டாவெறுப்பாகப் படித்துத் தேறியவளை, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து மேலும் நான்காண்டுகள் அதற்குள்ளேயே உட்கார வைப்பது எந்த வகையிலும் பாதுகாப்பு ஆகாது.

போட்டித் தேர்வு, பி.எட்., சட்டம் ஆகியவற்றை உறவினர்களே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அவர்கள் சொல்லாதது இலத்தீன் கல்வெட்டியல்; ரோமானியர் கல்லிலும் உலோகத்திலும் இலத்தீன் மொழியில் பொறித்தவற்றைப் படித்து ஆராயும் துறை அது.

ரோமானியக் கோவிலில் உள்ளறை தெய்வச் சிலைக்கு உரியது. பலிபீடம் வெளியே, வாசலுக்கு முன்னால் திறந்தவெளியில் இருந்தது. ரோமானியர் வணங்கிய மித்ராஸ் என்ற தெய்வத்தின் வழிபாடு இதற்கு நேர்மாறாக, இருபுறமும் திண்ணை அமைந்த இருண்ட சிறு கூடத்துக்குள் நடந்தது. ரோமின் துறைமுக நகரான ஓஸ்தியாவில் மட்டும் அத்தகைய கூடங்கள் பதினைந்துக்கு மேல் கிடைத்துள்ளன. லண்டனில் 1954-இல் ஒன்று வெளிப்பட்டது. அங்கெல்லாம் வந்து வணங்கியவர்கள் யார் என்பதைச் சுவர்கள் சொல்வதில்லை. மேல்தட்டு ஆண்கள் எழுதிய இலக்கியமும் அரைகுறையாகவே சொல்கிறது. படைவீரர்களும் விடுதலை பெற்ற அடிமைகளும் வேண்டுதல் பலித்தபின் வெட்டுவித்த நேர்த்திக்கற்களிலிருந்துதான் அது பெரிதும் தெரியவருகிறது. இங்கிலாந்தின் பாத் நகரில், சூலிஸ் மினர்வா தெய்வத்தின் வெந்நீர் ஊற்றில் முறையீடுகள் பொறித்த சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் டோசிலியானுஸ் என்பவர், தம் முக்காட்டு அங்கியைத் திருடியவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமையல்லாதவரோ, தெய்வம் தண்டிக்க வேண்டும் என்று முறையிடுகிறார். காசு வெட்டிப் போடும் ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு இந்த முறையீட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெர்லினில் 1853-இல் தொடங்கிய இலத்தீன் கல்வெட்டுத் தொகுப்புப் பணி இன்றும் நடக்கிறது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கல்வெட்டு வாசகங்களை இணையத் தரவுத்தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். சிதைந்த எழுத்து எது, ஆய்வாளர் ஊகித்து நிரப்பியது எது என்று கணினிக்குப் புரியும்படி குறிக்க எபிடாக் என்ற முறை இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளையும் இதே முறையில் பதிப்பித்து வருகிறார்கள் என்பதால், இதைக் கற்றவள் ரோமை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. (கணினி, கணினி என்கிற அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்.) பழைய ரோமானிய வழி வரைபடம் ஒன்றின் இடைக்காலப் பிரதியில், முசிறிக்கு அருகே ரோமப் பேரரசர் அகஸ்டஸின் கோவில் குறிக்கப்பட்டுள்ளது; அக்கோவில் அகழாய்வில் இன்னும் கிடைக்கவில்லை. பொன்னொடு வந்து மிளகொடு திரும்பிய யவனர் கலத்தை அகநானூற்றிலும், அவர்களுடைய வேண்டுதல்களை இலத்தீனிலும் நேரடியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

செலவு விஷயத்தில் நான் கறாராகவே பேசுவேன். இளங்கலை வரலாற்றை அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ படிக்கட்டும். அந்த மூன்றாண்டுகளுக்குள் இலத்தீனும் ஜெர்மனும் கற்கட்டும். முதுகலைக்கு, ரோமானியச் சமய ஆய்வில் பெயர் பெற்ற, ஜெர்மனியின் எர்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே பருவப் பங்களிப்பு உண்டே தவிரக் கல்விக் கட்டணம் இல்லை. இன்னொரு ஜெர்மன் பல்கலைக்கழக நகரான ஹைடல்பெர்க் இருக்கும் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். ஜெர்மனியில் எங்கே சேர்ந்தாலும் விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோ, அதாவது பத்து லட்சம் ரூபாய்க்கு மேல், முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) காட்ட வேண்டியிருக்கும். அந்தப் பணத்தைச் சேர்க்க மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது. கடன் வாங்கிப் பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்கு அனுப்பவே கூடாது. மூன்றாம் ஆண்டு முடிவில் ஜெர்மனில் பி2 என்னும் மேல் இடைநிலைத் தேர்ச்சியை எட்டாமலும், எளிய இலத்தீன் கல்வெட்டை அகராதியோடு படிக்கத் தெரியாமலும் இருந்தால் பயணத்தை நிறுத்திவிட்டு, இங்கேயே தொல்லியல் முதுகலையில் சேருங்கள். பணியிடங்கள் குறைவு என்பதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் கடனில்லாமல் போகச் சொல்கிறேன்.

அண்ணன் அந்தக் கல்லூரிக்கு முன்பணம் கொடுத்திருந்தால், இந்த வாரமே எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.