லீவு முடிந்தும் யூனிட்டுக்குத் திரும்பாத தம்பி: புரோக்கருக்குப் பணம் கொடுக்கலாமா?

பெரம்பூரிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். தம்பி ராணுவத்தில் சிப்பாய், ஒன்பது வருட சர்வீஸ். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது லீவில் வந்தவர், லீவு முடிந்து 41 நாளாகியும் திரும்பவில்லை. யூனிட்டிலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது, போலீஸும் ஒரு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது. முன்னாள் ராணுவத்தினர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் கேஸை முடித்து ராணுவத்திலிருந்து டிஸ்சார்ஜ் வாங்கித் தருகிறேன் என்கிறாராம். "கொடுக்கலாமா? தம்பியை ஜெயிலில் போட்டுவிடுவார்களா?" என்று கேட்கிறார்.

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். லீவு மீறியவர் மீதான குற்றச்சாட்டை விசாரிப்பது அவருடைய கமாண்டிங் ஆபீசர். அந்த விசாரணைக்குள் வெளியாள் யாரும் நுழைய முடியாது. இந்த ஆட்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் பத்து நாள் பொறுங்க, பேசிட்டு இருக்கேன்" என்று உங்களைக் காக்க வைப்பார்கள். அந்தப் பத்து நாளும் உங்கள் தம்பி கணக்கில்தான் ஏறும். அதேபோல, தம்பிக்கே உடம்பு சரியில்லை என்று பொய் மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று வருபவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்பாவின் உண்மையான ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கும்போது பொய்க் காகிதம் ஒன்றைச் சேர்த்தால் உண்மையும் சேர்ந்து கெட்டுப்போகும். முன்ஜாமீன் போடலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் செலவு செய்ய வேண்டாம், போலீஸ் தம்பியைத் தேடுவது ராணுவத்திடம் ஒப்படைக்கத்தான்.

ஜெயில் பயத்துக்கு வருகிறேன். 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 39ஆவது பிரிவுதான் லீவு மீறி இருப்பதற்கு உரியது, அதிகபட்சம் மூன்று வருடம். 38ஆவது பிரிவு ஓடிப்போவது, அதாவது திரும்பும் எண்ணமே இல்லாமல் பட்டாளத்தை விட்டுப் போவது. அதற்குச் சாதாரண நேரத்திலேயே ஏழு வருடம் வரை உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எண்ணம்தான். 30 நாள் தாண்டியதும் யூனிட்டில் ஒரு விசாரணைக் குழு கூடி, ஆள் வரவில்லை என்று பதிவு செய்யும். அதற்குப் பிறகு வராதவரை ஓடிப்போனவராகக் கருதுவார்கள். போலீஸ் வந்ததைப் பார்த்தால் உங்கள் தம்பி விஷயத்தில் இது நடந்திருக்கும். ஆனால் அது தீர்ப்பு இல்லை, வெறும் பதிவு. தானாகத் திரும்பிப் போய் நிற்பதுதான் "எனக்குத் திரும்பும் எண்ணம் இருந்தது" என்பதற்கு முதல் சாட்சி. போலீஸ் பிடித்துக் கொண்டுபோய் விட்டால் அதைச் சொல்ல வாயே இருக்காது.

போகும்போது ஆஸ்பத்திரிக் காகிதங்களின் நகல், லீவு நீட்டிப்புக் கேட்டு சுபேதாருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் தேதி தெரிகிற மாதிரி அதன் பிரிண்ட், டிக்கெட் எல்லாம் கையில் இருக்கட்டும். கிளம்புகிற அன்றே கமாண்டிங் ஆபீசருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போட்டு, ரசீதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். போனதும் காவலில் வைத்தால், 48 மணி நேரத்துக்குள் விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

சரி, இப்போது நான் உண்மையில் கவலைப்படுகிற இடம். சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் சம்மரி கோர்ட் மார்ஷல், அதாவது யூனிட்டுக்குள்ளேயே நடக்கும் சுருக்கமான ராணுவ விசாரணைதான் நடக்கும். அதில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிபதி. பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குத் தீர்ப்பில் பங்கு கிடையாது. துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அது வக்கீலாகவும் இருக்கலாம், ஆனால் அவர் காதில் சொல்லலாமே தவிர வாய் திறந்து கோர்ட்டிடம் பேசவோ சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ முடியாது. நடத்துபவர் லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஒரு வருடம் வரை சிறை, டிஸ்மிஸ், இரண்டும் தரலாம், மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே நிறைவேற்றலாம். சுதந்திரம் வந்து இத்தனை வருடம் கழித்தும் இப்படி ஒரு கோர்ட்டை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

வக்கீலான என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரரின் பைலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிற பக்கத்தில் மூன்று இடத்தில் பென்சில் டிக் இருந்தது, மூன்றிலும் அவர் கையெழுத்து. பக்கம் முழுக்க ஆங்கிலம். அவருக்குத் தமிழும் பட்டாளத்து இந்தியும்தான் தெரியும். "ஒத்துக்கிட்டா சின்னத் தண்டனையோட விட்டுடுவோம்னு சொன்னாங்க சார்" என்றார். டிஸ்மிஸ் ஆகி வந்திருந்தார், பென்ஷனுக்குத் தேவையான 15 வருடத்துக்கு இன்னும் 14 மாதம் பாக்கி. ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று கோர்ட் விளக்கிச் சொல்லியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. விளக்கினோம் என்று அச்சடித்த வரியும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது! தம்பியிடம் சொல்லுங்கள்: படித்துப் புரியாத எதிலும் கையெழுத்து வேண்டாம், குற்றப்பத்திரிகை நகலும், சாட்சிகள் சொன்னதை எழுதிவைத்த சாட்சியச் சுருக்கத்தின் நகலும் கேட்டு வாங்க வேண்டும், விசாரணைக்கு முன் சாதாரண நேரத்தில் 96 மணி நேரம் அவகாசம் அவருடைய உரிமை. நீதிபதியாக உட்காருபவர் ஏற்கெனவே தன் மீது பகை உள்ளவர் என்றால் அதையும் எழுத்தில் சொல்லலாம். ரஞ்சித் தாக்கூர் என்ற சிக்னல்மேன் சாப்பிட மறுத்ததற்காக ஒரு வருடச் சிறையும் டிஸ்மிஸும் வாங்கினார். அந்தக் கோர்ட்டில் உட்கார்ந்தவர்களில் ஒருவர், தாக்கூர் முன்பு யார் மீது புகார் எழுதினாரோ அதே அதிகாரி. உச்ச நீதிமன்றம் 1987இல் அந்தத் தண்டனையையே ரத்து செய்தது.

அப்புறம் அப்பீல். சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது, அங்கே போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒரு விதிவிலக்கை யாரும் சொல்வதில்லை. சம்மரி கோர்ட் மார்ஷலில் டிஸ்மிஸ் ஆனாலோ, மூன்று மாதத்துக்கு மேல் சிறை கிடைத்தாலோ மட்டும்தான் தீர்ப்பாயம் கேட்கும். நான்கு மாதச் சிறையா, போகலாம். ஒரு நாள்கூடச் சிறை இல்லாமல் டிஸ்மிஸ் மட்டுமா, போகலாம். டிஸ்மிஸ் இல்லாமல் சரியாக மூன்று மாதமா, கதவு சாத்தியிருக்கிறது. மூன்று மாதம் உள்ளே இருந்தது தண்டனை இல்லாமல் வேறு என்ன என்று கேட்டால் பதில் கிடையாது. அந்த நிலைமை வந்தால் ராணுவச் சட்டத்தின் 164ஆவது பிரிவில் ராணுவ மேலிடத்துக்கு மனு போட வேண்டும், அதற்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு படைவீரர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறதே தவிர, இந்த ரிட் வழியை அடைக்கவில்லை. இது தெரியாமல் தீர்ப்பாயத்தில் மனு போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, "இது எங்கள் வரம்பில் இல்லை" என்று திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபீஸ் வாங்கியவர் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

வராத நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள், அதற்கு இப்போதே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு வாரத்துக்கு உறவினர் யாரையாவது வரச் சொல்லிவிட்டு, சென்ட்ரலில் கிடைக்கிற முதல் ரயிலில் தம்பியை ஏற்றிவிடுங்கள். ரிசர்வேஷன் கிடைக்கவில்லை என்றால் தத்காலில் பாருங்கள்.