வெப்ப வளிமுகமும் மேகங்களும்: கேள்வி பதில்

கேள்வி: லண்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். காலையில் பளிச்சென்ற வானம், மதியம் மெல்லிய வெண்கீற்றுகள், ராத்திரி முழுக்க மழை. இடியே இல்லை. இது என்ன மழை?

பதில்: அநேகமாக வெப்ப வளிமுகம் தந்த மழை. குளிர்காற்றை நோக்கி நகரும் வெதுவெதுப்பான காற்றின் எல்லைக்குத்தான் அந்தப் பெயர். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று, தரையோடு கிடக்கும் கனமான குளிர்காற்றைச் சட்டென்று தள்ளமுடியாமல் அதன்மேல் ஏறிவிடும். செங்குத்தான ஏற்றம் இல்லை. 150, 200 கி.மீ. போனால்தான் 1 கி.மீ. உயரம். காற்று இப்படி நிதானமாக எழுந்து குளிர்வதால் மேகமும் குவியாமல் பாய் விரித்த மாதிரி படர்கிறது. முதல் கீற்று தலைக்கு மேல் தெரியும்போது, தரையில் வளிமுகம் 1,000 கி.மீ. தள்ளிக்கூட இருக்கலாம்.

கேள்வி: எந்த மேகம் முதலில் வரும்?

பதில்: உயரத்தில் இருப்பதுதான். கீற்று மேகம், அப்புறம் வானம் முழுக்க வெள்ளைத் திரையாகக் கீற்றுப்படை. அடுத்து இடைப்படை: சூரியன் மங்கலாகத் தெரியும், ஆனால் தரையில் நிழல் விழாது. கடைசியில் கார்படை, மணிக்கணக்கில் ஒரே சீரான மழை. வளிமுகம் கடந்ததும் மழை விட்டு, அல்லது தூறலாகி, வெப்பம் கூடும்.

கேள்வி: நிலா கோட்டை கட்டினால் மழை என்று ஊரில் சொல்வார்களே, அதுவும் இதனால்தானா?

பதில்: நிலாவைச் சுற்றித் தெரியும் அந்த வட்டம் இங்கும் அங்கும் ஒன்றுதான். கீற்றுப்படையின் அறுகோணப் பனிப்படிகங்களில் ஒளி விலகி, நிலாவிலிருந்து 22 பாகை தள்ளி விழுகிறது. கையை நீட்டி விரல்களை நன்றாக விரித்து, கட்டைவிரல் நுனியால் நிலாவை மறைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வட்டத்தைத் தொடும். ஆனால் தமிழ்நாட்டில் அந்த மேகம் வரும் வழி வேறு. பெரும்பாலும் இடிமழை மேகங்களின் உச்சியிலிருந்து பரவி வருவது. வெப்பமண்டலத்தில் அருகருகே இருக்கும் காற்றுகளுக்குள் வெப்ப வேறுபாடு குறைவு. வளிமுகத்துக்கு அங்கே வேலை இல்லை.

கேள்வி: வெப்ப வளிமுகத்தில் இடியே வராதா?

பதில்: சில சமயம் வரும். ஏறுகிற காற்று நிலையற்றதாக இருந்தால் கார்படைக்குள்ளேயே கார்திரள் என்ற இடிமழை மேகம் ஒளிந்து வளரும். வெளியே தெரியாது என்பதால் விமானிகளுக்கு அது பெரிய தலைவலி.

கேள்வி: இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது?

பதில்: நார்வேயின் பெர்கன் நகரத்துக் குழு. முதல் உலகப்போரில் வெளிநாட்டு வானிலைத் தகவல்கள் தடைபட்டதால், கடலோரம் நெடுக நெருக்கமாகக் கண்காணிப்பு நிலையங்கள் வைத்தார்கள். அந்தக் குறிப்புகளைக் கோத்து 1919இல் புயலின் அமைப்பை விளக்கிக் கட்டுரை எழுதிய ஜேக்கப் பியர்க்னெஸுக்கு அப்போது வயது 21.

கேள்வி: சரி, துணியை எப்போது எடுக்க?

பதில்: வட்டம் தெரியும்போது அவசரம் இல்லை, சில வளிமுகங்கள் திசைமாறி ஏமாற்றவும் செய்யும். உங்கள் நிழல் காணாமல் போனால் எடுத்துவிடுங்கள்.