‘நில்லு!’ என்று எப்போது சொல்வது? ரியாக்‌ஷன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ரியாக்‌ஷன் பற்றியவை, அதாவது ஏதாவது நடந்ததும் அதற்குப் பதிலாக, பெரும்பாலும் மற்றவர் முறையில், சட்டென்று செய்யும் எதிர்ச்செயல் பற்றியவை. சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டைப் பக்கம் மாலையில் வெளியே போக வழியில்லை. ஆட்டம் கூடுகிறது, ஆட்டம் கூடினால் மேஜையில் சண்டையும் கூடுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேஜை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்தே பதில் சொல்கிறேன். 2024 திருத்தத்தில் மாறியிருந்தால் அங்கங்கே சொல்கிறேன். எந்த விதியை வைத்து ஆடுகிறீர்கள் என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள் என்று போன முறையும் கேட்டேன். பாதிப் பேர் இன்னும் எழுதவில்லை.

அண்ணாச்சி, கோப்ளின் (குட்டி அரக்கன்) என்னைச் சுற்றி ஓடி எனக்குப் பின்னால் போய் நிற்கிறது. எனக்கு ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவன் மேல் விழும் அடி) உண்டா, இல்லையா? டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) தரமாட்டேன் என்கிறார். (தென்காசி)

டிஎம் சொல்வதுதான் சரி. அது உங்கள் எட்டை (உங்கள் ஆயுதம் எட்டும் தூரத்தை) விட்டு வெளியே போகும்போதுதான் அடி. உங்களைச் சுற்றியிருக்கும் 5 அடிக்குள் அது எத்தனை வட்டம் போட்டாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. சின்ன வயதில் கிளித்தட்டு ஆடியிருப்பீர்களே, கட்டத்துக்குள் குதித்துக்கொண்டிருப்பவனை விட்டுவிட்டு, கோட்டைத் தாண்டப் போகிறவன் மேல்தானே கண் இருக்கும்? அதே கதைதான். இன்னொன்றும் கவனியுங்கள். தாண்டிய பிறகு அடிப்பதில்லை, தாண்டுவதற்குச் சற்று முன்னால் அடிக்கிறீர்கள். அதனால்தான் எட்டுக்குள் இருக்கும்போதே அது படுகிறது. டிஸ்எங்கேஜ் செய்தவன் (அடிபடாமல் விலகும் செயலைத் தேர்ந்தவன்), டெலிபோர்ட் ஆனவன், வேறொருவர் தள்ளிவிட்டதில் வெளியே போனவன், இவர்கள் மேல் அடி கிடையாது.

சென்டினல் ஃபீட் (பாத்திரத்தின் ஒரு சிறப்புத் திறமை) இருந்தால் டிஸ்எங்கேஜ் செய்தவனையும் அடிக்கலாமா அண்ணே? (கம்பம்)

அடிக்கலாம். பட்டால் அந்த முறை முடியும்வரை அவன் வேகம் பூஜ்யம், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

சேட்டா, ரியாக்‌ஷன் எப்போது திரும்பக் கிடைக்கும்? புதுச் சுற்று ஆரம்பிக்கும்போதா? (புனலூர்)

உங்கள் முறை ஆரம்பிக்கும்போது. சுற்றின் தொடக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் மேஜையில் ஆளுக்கொரு புளியங்கொட்டை வைத்திருக்கிறோம். ரியாக்‌ஷன் எடுத்தால் கொட்டையை நடுவில் தள்ள வேண்டும், தன் முறை வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். டிஎம்முக்கும் அரக்கன் ஒன்றுக்கு ஒரு கொட்டை. இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு “நீ ஏற்கெனவே எடுத்துட்டே”, “இல்லை, எடுக்கலை” என்ற வாக்குவாதம் அடியோடு நின்றுவிட்டது.

ஓகர் (பெரிய அரக்கன்) கதவைத் திறந்ததும் அம்பு விடுவேன் என்று ரெடி ஆக்‌ஷன் எடுத்தேன். கதவு திறப்பதற்கு முன்பே என் அம்பு போக வேண்டும், நான்தான் தயாராக நின்றேனே என்றேன். அதுவும் இரண்டு அம்பு. இரண்டுக்குமே முடியாது என்றுவிட்டார்கள். (குமுளி)

இரண்டிலும் அவர்கள் பக்கம்தான் நியாயம். ரெடி ஆக்‌ஷன் எப்போதும் ட்ரிகர் (தூண்டிவிடும் நிகழ்வு) முடிந்த பிறகுதான். கதவு திறந்து முடியட்டும், அப்புறம் அம்பு. திறக்காத கதவில் விட்டால் அம்பு பலகையில்தான் குத்தி நிற்கும். எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரு அடிக்குப் பதில் இரண்டு) உங்கள் முறையில் மட்டுமே வேலை செய்யும். ரெடி அடிப்பது இன்னொருவர் முறையில், ஆகவே ஒரு அம்புதான். இதே வரிசையில் இன்னும் நாலு கடிதங்கள் இருப்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: ஸ்பெல்லை (மந்திரத்தை) ரெடி செய்தால் ஸ்லாட் (மந்திரம் போட எண்ணி வைத்த வாய்ப்புகளில் ஒன்று) அப்போதே போய்விட்டது. விடும்வரை கான்சன்ட்ரேஷனில் (மனதை அதிலேயே வைத்து) பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ட்ரிகர் வராமலே போனால் ஸ்லாட் திரும்பி வராது.

என் மேஜையில் ஒரு விசார்ட் (மந்திரவாதி). அடி விழுந்து, டேமேஜ் எவ்வளவு என்று நான் சொன்ன பிறகுதான் “ஷீல்ட்” (அடியைத் தடுக்கும் மந்திரம்) என்பான். 4 என்றால் பேசாமல் வாங்கிக்கொள்வான், 14 என்றால் ஷீல்ட். அனுமதிக்கலாமா? (மார்த்தாண்டம், டிஎம்)

அனுமதிக்கக் கூடாது. ஆனால் அவனை மட்டும் குற்றம் சொல்லவும் நான் தயாராக இல்லை. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதவில்லையே? “ஓகர் அடிக்குது, 18, பட்டாச்சு, 14 டேமேஜ்” என்று ஒரே மூச்சில் சொல்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பத்து டிஎம்மில் எட்டுப் பேர் அப்படித்தான். ஷீல்டுக்கு இருக்கும் ஒரே ஒரு இடைவெளியை நீங்களே மூடிவிட்டு, அவன் ஏன் மூடிய பிறகு தட்டுகிறான் என்று கேட்கிறீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் விளையாட்டாளனாக உட்கார்ந்த ஒரு மேஜை. ஆடி மாதச் சாரல், தகர ஓட்டில் மழை கொட்டுகிறது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழும். புனலூரிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், வாழ்க்கையில் முதல் விசார்ட். மேஜ் ஆர்மர் (கவச மந்திரம்) போட்டு ஏசி (அடி பட எதிரியின் உருட்டல் எட்ட வேண்டிய எண்) 15. ஷீல்ட் ஸ்பெல்லை மலையாளத்தில் ஒரு சிறு அட்டையில் எழுதி, கையில் பிடித்துக்கொண்டே இருந்தான். ஓகர் வந்தது. டிஎம் பகடையை உருட்டினார், “18, 14, நீ விழுந்துட்டே, அடுத்தது யார்?” எல்லாம் சேர்ந்து இரண்டு விநாடி. பையன் கை பாதி உயர்ந்தது. “சேட்டா, ஷீல்ட்...” என்றான். “லேட்” என்றார் அவர். ஷீல்டின் 5 சேர்ந்து ஏசி 20 ஆகியிருக்கும், 18 படவே பட்டிருக்காது. அவன் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நானும் அன்று வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

ஒரு வாள் வீச்சுக்குள் நாலு கதவுகள் இருக்கின்றன. பகடை உருளுவதற்கு முன்னால் ஒன்று: ப்ரொடெக்‌ஷன் சண்டைப் பாணி அங்கேதான், கேடயத்தை நீட்டுவேன் என்று அப்போதே சொல்ல வேண்டும். பகடை நின்ற பின், பட்டதா இல்லையா என்று டிஎம் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் இரண்டாவது: பார்டின் (பாணன்) கட்டிங் வேர்ட்ஸ், உருட்டிய எண்ணைக் குறைப்பது. பட்டது என்று தெரிந்த பின், டேமேஜுக்கு முன்னால் மூன்றாவது: ஷீல்ட் இங்கே, ரோகின் (திருடன்) அன்கேனி டாட்ஜும் (டேமேஜைப் பாதியாக்குவது) இங்கே. டேமேஜ் வாங்கிய பின் நாலாவது: ஹெல்லிஷ் ரிபியூக், அடித்தவனை நெருப்பால் திருப்பி அடிக்கும் மந்திரம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லும் டிஎம் முதல் மூன்று கதவையும் சாத்திவிடுகிறார். அப்புறம் பார்ட் எடுத்தவர், ரோக் எடுத்தவர், விசார்ட் எடுத்தவர் எல்லாரும் எதற்காக அந்தப் பக்கத்தை வாசித்தார்கள்?

நான் செய்வது இதுதான். எல்லாரும் பார்க்க உருட்டுவேன். “உன் மேல் வீசுகிறான்” என்று சொல்லி ஒரு மூச்சு நிற்பேன். பகடை நின்றதும் “18. படுமா?” என்று கேட்பேன். இனி பந்து அவர்கள் கையில். “படும்” என்று விளையாட்டாளர் சொல்லி, ஒரு மூச்சு கழிந்துவிட்டால் மூன்றாவது கதவு சாத்தியாயிற்று. அப்புறம்தான் டேமேஜ் பகடையைத் தொடுவேன். அதற்குப் பிறகு யார் ஷீல்ட் என்றாலும் கிடையாது, என் தங்கை கேட்டாலும் கிடையாது. எங்கள் மேஜையில் தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும். கதவைப் பிடிக்க எல்லாரும் சொல்லும் வார்த்தை “நில்லு!” இரண்டு பக்கத்துக்கும் அது புரியும். முதலில் நில்லு, பிறகு நிதானமாக எந்த ரியாக்‌ஷன் என்று சொல்லலாம்.

மொத்த எண்ணைச் சொல்லிவிட்டால் ஷீல்ட் வீணே போகாதே என்று கேட்பீர்கள். போகாதுதான். ஷீல்டின் 5 என்பது பகடையின் 20 முகத்தில் 5 முகம், கால்வாசி. முதல்-நிலை ஸ்லாட்டைக் கொடுத்து வாங்குகிறான், கண்ணைத் திறந்து வாங்கட்டும். எண்ணை மறைத்து ஆடுவதும் விதிக்கு விரோதமில்லை. டேமேஜுக்கு முன் நிற்கத்தான் வேண்டும், அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த விசார்ட் தம்பியிடமும் சொல்லுங்கள்: ட்ரிகர் வரியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ‘அடி பட்டால்’ என்றுதான் இருக்கிறது, ‘வலித்தால்’ என்று இல்லை.

கவுன்டர்ஸ்பெல் (எதிரியின் மந்திரத்தை முறிக்கும் மந்திரம்) போட்டேன், வேலை செய்யவில்லை. ஏன்? (ஊர் எழுதவில்லை)

எந்தப் பதிப்பு? எதிரி போட்டது என்ன நிலை ஸ்பெல்? எத்தனை அடி தூரம்? அவனைப் பார்க்க முடிந்ததா? ஒன்றுமே எழுதாமல் ஏன் என்று கேட்டால், வயிறு வலிக்கிறது என்று மட்டும் எழுதி மருந்து கேட்பது போலத்தான்.

இருந்தாலும் மற்றவர்களுக்குப் பயன்படும். 60 அடிக்குள் இருப்பவன் ஸ்பெல் போடுவதை நீங்கள் பார்க்க வேண்டும். 2014-ல் மூன்றாம் நிலை வரை தானாக நிற்கும், அதற்கு மேல் என்றால் 10-உடன் ஸ்பெல் நிலையைக் கூட்டி வரும் எண்ணுக்கு நீங்கள் உருட்ட வேண்டும், உயர்ந்த ஸ்லாட்டில் போட்டால் அந்த நிலை வரை உருட்டாமலே நிற்கும். 2024-ல் உருட்டுவது எதிரி, கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல்திறனை வைத்துத் தாக்குப்பிடிக்கும் உருட்டல்). அவன் தோற்றால் ஸ்பெல் போகும், அவன் ஸ்லாட் மட்டும் போகாது. டிஎம்களுக்கு: “அவன் ஃபயர்பால் போடுகிறான்” என்று பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். “அவன் விரலை மடக்கி எதையோ முணுமுணுக்கிறான்” என்று சொல்லி நில்லுங்கள். ட்ரிகர் வரியை வாசியுங்கள்: போடுவதைப் பார்த்தால், அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன ஸ்பெல் என்று கண்டுபிடித்துவிட்டு கவுன்டர் செய்யலாமா? (தென்மலை)

ஒரே ஆள் செய்ய முடியாது. 2017-ல் வந்த கூடுதல் விதிப்படி, கண்டுபிடிப்பதற்கே ரியாக்‌ஷன் செலவாகும், 15-உடன் ஸ்பெல் நிலையைக் கூட்டி ஆர்க்கானா (மந்திர அறிவு) உருட்ட வேண்டும். உங்கள் புளியங்கொட்டை அதோடு நடுவுக்குப் போய்விடும். நண்பர் கண்டுபிடித்துக் கத்த, நீங்கள் கவுன்டர் செய்வதை நான் அனுமதிக்கிறேன். இரண்டு பேர் ரியாக்‌ஷன் போகிறதே, விலை போதும்.

ஹெல்லிஷ் ரிபியூக் வைத்திருக்கிறேன். என்னை வீழ்த்திய அடிக்குப் பதிலடி கொடுக்க முடியாதா? (பாலக்காடு)

முடியாது. அது நாலாவது கதவு. டேமேஜ் இறங்கி, பூஜ்யத்துக்கு வந்து, மயங்கிய பிறகுதான் அந்தக் கதவு திறக்கிறது. மயங்கியவருக்கு ரியாக்‌ஷன் கிடையாது.

ஆரியங்காவு மாதிரி ஒரு கணவாயில் பதுங்கித் தாக்கினோம். எதிரி விசார்ட் முதல் அம்புக்கே ஷீல்ட் போட்டான். சரியா? (புளியரை)

2014-ல் அவன் திடுக்கிட்டிருந்தால் சரியில்லை. அவனுடைய முதல் முறை முடியும்வரை ரியாக்‌ஷன் கிடையாது. அந்த முறை ஏற்கெனவே கடந்துவிட்டதா என்று பாருங்கள், உங்களுக்கு முன்னால் அவனுக்கு இனிஷியேட்டிவ் (ஆடும் வரிசை) வந்திருந்தால் ஷீல்ட் செல்லும். 2024-ல் திடுக்கிடல் என்றால் இனிஷியேட்டிவில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு உருட்டிக் குறைந்ததை எடுப்பது) மட்டும்தான், ரியாக்‌ஷன் அப்படியே இருக்கும்.

ஒரே ட்ரிகருக்கு இரண்டு பேர் “நில்லு” என்றால் யாருடையது முதலில்? (கடையநல்லூர்)

ஒரே நேரத்தில் நடப்பவற்றுக்கு, யாருடைய முறை ஓடுகிறதோ அந்தப் பாத்திரத்தை ஆடுகிறவர் வரிசையைச் சொல்லலாம். இதுவும் அந்த 2017 விதிதான். அரக்கன் முறை என்றால் டிஎம்.

நான் நாலாம் பதிப்பு ஆள். அதில் இன்டரப்ட் வேறு, ரியாக்‌ஷன் வேறு என்று தெளிவாக இருந்தது. ஏன் எடுத்துவிட்டார்கள்? (திருவனந்தபுரம்)

எனக்கும் அது பிடித்திருந்தது. 2008-ல் வந்த அந்தப் பதிப்பில் ட்ரிகருக்கு முன்னால் என்றால் இன்டரப்ட், பின்னால் என்றால் ரியாக்‌ஷன், பெயரிலேயே நேரம் இருந்தது. 2014-ல் ஒரே பெயருக்குள் இரண்டையும் போட்டுவிட்டார்கள். அதனால் ஒவ்வொன்றின் ட்ரிகர் வரியிலும் நேரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்டிருந்தால், ட்ரிகர் முடிந்த பிறகு. டிஎம் கையேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஷீல்டும் ஆப்பர்சூனிட்டி அட்டாக்கும் குறுக்கே புகுபவை என்பதும் அங்கேயே இருக்கிறது.

பாத்ஃபைண்டர் (இதே வகையில் வேறொரு ஆட்டம்) இரண்டாம் பதிப்பில் என் க்ளெரிக்குக்கு (பூசாரி) ஆப்பர்சூனிட்டி அட்டாக் எங்கே? (நாகர்கோவில்)

இல்லை. அங்கே ஃபைட்டருக்குத்தான் தொடக்கத்திலேயே வரும், எல்லாருக்கும் கிடையாது. பதிப்பை எழுதியதற்கு நன்றி.

கழுதுருட்டி 13 கண் பாலத்தை மாதிரியாக வைத்து ஒரு பாலம் வரைந்திருந்தேன். சண்டையில் இரண்டு நண்பர்களும் ஒரு ஓகரும் சேர்ந்து கீழே விழுந்தார்கள். விசார்ட் ஃபெதர் ஃபால் (விழுவதை மெதுவாக்கும் மந்திரம்) போட்டாள். ஓகரையும் அது காப்பாற்றுமா? நேரம் எப்போது? (இடமண்)

நல்ல பாலம் தம்பி, நல்ல கேள்வி. ட்ரிகர் வரி ‘விழும்போது’. நீங்கள் “விழுகிறார்கள்” என்று சொன்னதும் அவள் “நில்லு” என்றிருக்க வேண்டும். 10 அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை என்று நீங்கள் எண்ணி உருட்டிய பிறகு சொன்னால் செல்லாது. ஓகர் விஷயத்தில் கவலை வேண்டாம். 60 அடிக்குள் விழுகிறவர்களில் ஐந்து பேர் வரை அவளே தேர்ந்தெடுக்கிறாள். நண்பர்கள் இருவர் பெயரை மட்டும் சொன்னால் அவர்கள் சுற்றுக்கு 60 அடி வீதம் மெதுவாக இறங்குவார்கள். ஓகருக்கு நீங்கள் பகடையை எடுக்கலாம்.