மாட்டிடம் கேட்கும் படிப்பு

அன்பின் அக்கா,

மட்டக்களப்பு, வெல்லாவெளிப் பக்கமிருந்து எழுதுகிறேன். மிருக வைத்தியம் படிக்கத்தான் ஆசைப்பட்டேன், பல்கலைக்கழகம் போக வேண்டிய இசட் புள்ளி போதவில்லை. விலங்குகளின் நடத்தை, நலன் பற்றி இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. எங்களுக்கு ஒரு பட்டி மாடு இருக்கிறது. யாருடைய மாடு என்று தெரியக் காய்ச்சிய இரும்பால் குறி சுடும் நாளில் நான் வீட்டுக்குள் போய்விடுவேன். "மாட்டுக்குத் தோல் தடிப்பு, நோகாது" என்கிறார் அப்பா. வெள்ளைக்காரன் நாட்டு மாட்டைப் படித்து என்ன செய்யப்போகிறாய் என்றும் கேட்கிறார்கள். எனக்கு இந்தப் படிப்பு உதவுமா?

— ஒரு வாசகி

அன்பின் தங்கச்சி,

உதவும். நான் தொடங்கியது எடின்பரோ பல்கலைக்கழகம் கோர்சேரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் நடத்தும் விலங்கு நடத்தையும் நலனும் என்ற பாடத்தில். ஐந்து வாரப் பாடம். சான்றிதழுக்குக் காசு கேட்பார்கள், கட்ட முடியாதவர்கள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். இந்த நிபந்தனைகள் மாறுகிறவை, சேரும் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். காணொளியின் கீழே ஆங்கில எழுத்து ஓடும், நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு வாரப் பாடம் எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒன்று மட்டும், இதைப் படித்துவிட்டு மாட்டுக்கு ஊசி போடக் கூடாது. அது மிருக வைத்தியரின் வேலை. மிருக வைத்தியத்துக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் இருக்கிறது, அதையும் யோசியுங்கள்.

சரி, வெள்ளைக்காரன் நாட்டுப் படிப்பு நமக்கு எதற்கு? ஒரு கோழிக் கதை சொல்கிறேன். கூண்டுப் பண்ணைகள் பற்றிப் பெரிய கேள்வி எழுந்தபோது, பிரித்தானிய அரசு பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு குழு அமைத்தது. எழும்ப, படுக்க, திரும்ப, உடம்பைத் துப்புரவாக்க, கால் கையை நீட்ட ஒரு விலங்குக்கு இடம் வேண்டும் என்று அந்தக் குழு 1965இல் அறிக்கை கொடுத்தது. பசி, அசௌகரியம், வலி, பயம் இல்லாமலும் தன் இயல்புப்படியும் விலங்கு வாழ வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்லும் ஐந்து சுதந்திரங்கள் அதிலிருந்து வளர்ந்தவைதான். அதே குழு, கூண்டின் தரைக்கு மெல்லிய கோழிவலை ஆகாது, தடித்த கம்பி போடுங்கள் என்றும் சொன்னது. நமக்கும் அது நியாயமாகத்தான் படும். 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இரண்டு பேர் பலவகைத் தரையை வைத்து, கோழி எதில் போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். அது மெல்லிய வலைக்குத்தான் போனது! இரக்கத்தோடு யோசித்தவர்களே பிழை விட்டிருக்கிறார்கள், கோழியைக் கேட்காததால். இந்தப் படிப்பு முழுக்க அப்படிக் கேட்கும் வழிகள்தான். அவற்றைக் கொண்டு நம் மாட்டிடமும் கேட்கலாம்.

என் பெரியப்பாவின் பட்டியில் ஒரு செவலைப் பசு இருந்தது. காலையில் கடப்படியில் வந்ததும் நின்றுவிடும். அடித்தால்தான் போகும். பிடிவாதக்காரி என்று பெயர். மாட்டின் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது, ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும், அதனால் ஆடுகிற பொருளும் திடீர் நிழலும் அதை மிரட்டும் என்று படித்த பிறகு, அது நிற்கிற இடத்தில் போய்க் குனிந்து நின்று பார்த்தேன். வேலியில் ஒரு கிழிந்த உரப்பை காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கழற்றி எறிந்தேன். இரண்டு நாள் தயங்கியது, அப்புறம் தானாகப் போனது. எத்தனை அடி வாங்கியிருக்கும் அந்த வாயில்லாச் சீவன் என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்காது.

இனிக் குறிக்கு வருகிறேன். அப்பாவைக் கல்நெஞ்சக்காரர் என்று எண்ண வேண்டாம். பெரும்போகம் விதைத்ததும் மாடுகள் மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் போகின்றன. அந்தப் பரந்த தரையில் பட்டியோடு பட்டி கலக்கும்போது குறிதான் சாட்சி. குடிக்கொரு குறி, அதாவது ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு குறி என்று நம் ஆட்கள் வைத்திருந்ததும் அதற்காகத்தான். ஆனால் நோகாது என்பது சரியில்லை. ஓர் ஈ வந்து இருந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுகிற மாட்டுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு தெரியாமல் போகுமா? சூட்டுக்குறியையும், கடுங்குளிரூட்டிய இரும்பால் இடும் குளிர்க்குறியையும் கனடாவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சூட்டுக்குத்தான் கன்றுகள் அதிகம் துடித்தன. புண் முழுதாக ஆற எட்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். குளிர்க்குறிக்குத் திரவ நைதரசன் வேண்டும், நம் பட்டிகளில் அது லேசில்லை. காதுப்பட்டி அறுந்துவிடும், களவெடுக்கிறவன் கழற்றியும் விடுவான். ஆகவே அப்பாவிடம் நாளைக்கே நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே மாட்டுக்கு இரண்டு மூன்று தரம் சுடுவதை நிறுத்தலாம். குறியைச் சிறிதாக்கலாம். வலிக்கு மருந்து கொடுக்க வழி உண்டா என்று உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் இப்போதே கேட்கலாம்.

அடுத்த முறை வீட்டுக்குள் போகாதீர்கள், தங்கச்சி. ஒரு கொப்பியோடு தள்ளி நில்லுங்கள். சுட்ட கன்று எத்தனை தரம் வாலை அடிக்கிறது, எப்போது தாயிடம் பால் குடிக்கப் போகிறது, எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறது, எத்தனை நாள் அந்த இடத்தை நக்குகிறது என்று எழுதுங்கள். சுடாத ஒரு கன்றையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். பிறகு அந்தக் கொப்பியை அப்பாவிடம் கொடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா