ஒரு லட்சம் ரூபாயில் பழைய எஸ்டீமை டிராக்கில் ஓட்ட முடியுமா?

கேள்வி: என்னிடம் 2003 மாடல் மாருதி எஸ்டீம் இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய்க்குள் செலவு செய்து அதை டிராக் டேயில் (கட்டணம் கட்டி, நம் சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்) ஓட்ட முடியுமா? எஞ்சினில் என்னென்ன மாற்ற வேண்டும்?

முடியும். சக்தியைக் கூட்டுவதற்காக எஞ்சினில் எதையும் மாற்ற வேண்டாம்.

என்னிடம் இருப்பதும் எஸ்டீம்தான், 2001 மாடல், அப்பா வாங்கிய கார். நான்கு வருடமாக அதைக் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வேயிலும், அவ்வப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓட்டுகிறேன், இரண்டும் ரேஸ் டிராக். முதல் முறை போவதற்கு முன் நானும் உங்களைப் போலத்தான் எஞ்சினில் ஆரம்பித்தேன். புது சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர், பழையதாக வாங்கிய 15 அங்குல அலாய் வீல். 35,000 ரூபாய் போனது. இருங்காட்டுக்கோட்டையில் நான்காவது சுற்றில், நேர்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரை போய்விட்டது. விட்டு விட்டு மூன்று முறை மிதித்ததும் கொஞ்சம் பிடித்தது; மூன்றாவது கியருக்கு இறக்கி, டிராக்கை விட்டு மண்ணில் போய் நின்றேன். எனக்கும் காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த பிரேக் ஃப்ளூயிட் (பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் திரவம்) எப்போது மாற்றியது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் பணம் செலவழிக்கும் வரிசையே மாறிவிட்டது.

ரோட்டில் ஓடும் காருக்கும் டிராக்கில் ஓடும் காருக்கும் உள்ள வித்தியாசம் வேகம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது சூடு. பைபாஸில் நீங்கள் ஒரு முறை பலமாக பிரேக் பிடித்தால், அடுத்த முறை பிடிக்கும் வரை ஆறுவதற்கு நேரம் இருக்கிறது. டிராக்கில் அது கிடையாது. ஒரு கணக்கு சொல்கிறேன். காரும் ஆளும் சேர்ந்து 950 கிலோ என்று வையுங்கள். 140 கி.மீ. வேகத்திலிருந்து 80க்கு ஒரு முறை இறக்கினால் பிரேக்கில் சேரும் சூடு, குழாயில் பிடித்த ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதுவும் சில நொடிகளில். இப்படிப் பலமாக ஒரு சுற்றில் பல முறை, 20 நிமிடம் விடாமல் பிரேக் பிடிக்கிறோம். பிரேக், கூலன்ட், ஆயில், டயர், ஓட்டுபவர் என எல்லோருக்கும் அதே 20 நிமிடம்தான். அதைத் தாங்குகிற மாதிரி காரைத் தயார் செய்வதுதான் உங்கள் ஒரு லட்சத்தின் வேலை.

முதலில் பிரேக். ஃப்ளூயிட் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3, டாட் 4 என்பவை ஃப்ளூயிட்டின் தர வகைகள். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140தான். டாட் 4க்கு இதே எண்கள் 230, 155. டாட் 5.1க்கு 260, 180. கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. எனக்குப் பெடல் தரைக்குப் போனது அதனால்தான். எனவே பழையதை முழுவதும் வெளியேற்றிவிட்டு டாட் 4 அல்லது 5.1 ஊற்றுங்கள். வெறும் டாட் 5 என்று ஒன்று இருக்கிறது. அது சிலிக்கான், நம் சிஸ்டத்துக்கு ஆகாது. ஒவ்வொரு டிராக் டேக்கு முன்பும் மாற்றினாலும் 700 ரூபாய்க்குள் முடியும். இந்தக் காரில் நீங்கள் போடும் காசில் இதைவிட மதிப்புள்ள 700 ரூபாய் இல்லை.

ஏர் எடுக்கும்போது, அதாவது ஃப்ளூயிட் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றும்போது, ஒரு எச்சரிக்கை. பெடலை மிதித்ததும் ஃப்ளூயிட்டைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அது பழையதாக இருந்தால், உள்ளே பிஸ்டன் தினமும் போகாத ஆழத்தில் துரு இருக்கும். பெடலைத் தரை வரை மிதித்து பம்ப் செய்தால், உள்ளே இருக்கும் ரப்பர் சீல் அந்தத் துருவில் உரசிக் கிழியும். காலையில் நன்றாக இருந்த பெடல் மாலையில் மெதுவாக இறங்கத் தொடங்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

முன்னால் புது டிஸ்க், புது பேடு. பேடை மாற்றியவுடன் டிராக்குக்குப் போகக்கூடாது. காலியான ரோட்டில் 60, 70 வேகத்திலிருந்து பத்துப் பதினைந்து முறை, நின்றுவிடாமல், மெதுவாகச் சூடேற்றிப் பதிய வைத்து, பிறகு ஆறவிட வேண்டும். பின்னால் டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிகிறது என்று அர்த்தம். நான்கு ரப்பர் ஹோஸ்களையும் புதிதாகப் போடுங்கள், இருபது வருட ரப்பரை நம்ப வேண்டாம். ஸ்டீல் பின்னிய ஹோஸ் நல்லதுதான், ஆனால் முதல் வருடத்துக்கு அவசியமில்லை.

அடுத்து கூலிங். நம் ஊர் மெக்கானிக்குகளில் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு: கார் சூடானால் தெர்மோஸ்டாட் வால்வை (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைப்பது) கழற்றிப் போட்டுவிடுவார்கள். உங்கள் காரிலும் கழற்றியிருக்க வாய்ப்பு அதிகம், திறந்து பாருங்கள். வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலேயே ஓடும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். நோய் ரேடியேட்டர் அடைப்பு. வால்வைக் கழற்றியது அதை மறைக்க மட்டும்தான். புது ரேடியேட்டர், புது வால்வு, மேல் கீழ் ஹோஸ், அப்புறம் ரேடியேட்டர் மூடி. மூடி சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் குக்கர் கேஸ்கெட் செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. அழுத்தம் நிற்கவில்லை என்றால் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். டைமிங் பெல்ட் மாற்றிய பில் உங்களிடம் இல்லையென்றால் அதையும் மாற்றிவிடுங்கள். அங்கே திறந்திருக்கும்போதே வாட்டர் பம்பையும் போட்டால் கூலி மிச்சம். டிராக்கில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறுவதைப் பார்த்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஃபேனை வேகமாக வையுங்கள். வெயிலில் அது கொடுமைதான், ஆனால் உள்ளே ஒரு சின்ன ரேடியேட்டர் கூடுதலாகக் கிடைத்த மாதிரி.

ஆயில் பற்றிச் சுருக்கமாக: நல்ல சிந்தெடிக் 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40, டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை. நீளமான திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். திருப்பத்தில் ஆயில் விளக்கு ஒரு நொடி மினுங்கினாலும் உடனே பிட்டுக்கு (டிராக் ஓரம் கார்களை நிறுத்தும் இடம்) வந்துவிடுங்கள்.

டயரை வாங்குவதற்கு முன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயர், பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் வரி) எவ்வளவு இருந்தாலும் கட்டையாகியிருக்கும். 13 அங்குலத்திலேயே நில்லுங்கள். நான் வாங்கிய அந்த 15 அங்குல வீல் கனமாக இருந்தது, கார் கிளம்பவும் மந்தம், நிற்கவும் மந்தம், ஆறு மாதத்தில் விற்றேன். காற்று அழுத்தத்துக்கு ஒரு எளிய வழி: டயரின் ஓரத்தில் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டுவிட்டு ஐந்து சுற்று ஓட்டுங்கள். கோடு பக்கவாட்டுப் பகுதி வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை. ஓரத்தில் கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம். நான் குளிர்ந்த நிலையில் 30 பி.எஸ்.ஐ. வைத்துப் போவேன். ஓட்டி வந்ததும் 36, 37 இருக்கும், அங்கிருந்து கொஞ்சம் இறக்கிக்கொள்வேன்.

சஸ்பென்ஷனில் எஸ்டீம் ஒரு நல்ல கார். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்ட்ரட், எடையும் 900 கிலோவுக்குள். 1990களிலும் 2000களிலும் நம் சலூன் கார் ரேஸ்களில் இத்தனை எஸ்டீம்கள் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பெனி கொடுத்த நிலையில் அது எப்படித் திரும்பியது என்பதே நமக்கு மறந்துவிட்டது, ஏனென்றால் நாம் பார்க்கும் எல்லா எஸ்டீமிலும் புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர்) தேய்ந்து, ஷாக் அப்சார்பர் செத்துப் போயிருக்கிறது. நான்கு ஷாக், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், எஞ்சின் மவுண்ட் எல்லாம் ஸ்டாக் சாமானே புதிதாகப் போட்டு அலைன்மென்ட் செய்யுங்கள். அன்று காரை எடுத்து ஓட்டும்போது வேறு கார் என்றே நினைப்பீர்கள். ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்த வேண்டாம். ஷாக் அடியில் போய் இடித்து, திருப்பத்தின் நடுவே சக்கரம் பிடியை விட்டுவிடும்.

செலவு என் கணக்கில் இப்படி வந்தது. பிரேக் 10,500. கூலிங்கும் பெல்ட்டும் 11,500. ஷாக், புஷ், மவுண்ட் 25,500. டயர் 14,000. ஹெல்மெட் 7,000. கூலி 13,000. மொத்தம் 81,500. மிச்சத்தை நுழைவுக் கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும் வையுங்கள். உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும் குறையும். கண்ணாடி, கதவுப் பிடி, வீல், பானெட் மாதிரியான சாமான்களுக்குச் சென்னையில் பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. ஆனால் பிரேக், ஸ்டியரிங், ரப்பர் இவற்றைப் பழையதில் வாங்கவே கூடாது. எஞ்சின் சாமான் கவலை வேண்டாம்: அதே 1.3 லிட்டர் எஞ்சின் குடும்பம் ஜிப்ஸியிலும் 2005இல் வந்த முதல் ஸ்விஃப்ட்டிலும் இருந்தது.

85 குதிரைசக்தி போதுமா என்று கேட்பீர்கள். எஸ். கரிவர்தன் கோவையில் ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்தபோது அதில் வைத்தது 800 சிசி மாருதி எஞ்சின்தான். நம் நாட்டில் ஒரு தலைமுறையே அதில் ரேஸ் கற்றது. சின்ன எஞ்சினில் திருப்பத்தில் இழந்த வேகம் நேர்பாதையில் திரும்பக் கிடைக்காது. அதனால் பிரேக்கை எங்கே விடுவது, எந்தக் கோட்டில் திரும்புவது என்று கவனிக்கப் பழகிவிடுவீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் பலர் என்னோடு வாதாடுவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். சாதாரண சீட்டில் நான்கு முனை ரேஸ் பெல்ட் கட்டாதீர்கள். மோதினால் இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறி, உடம்பு அடியில் நழுவும். கார் உருண்டு கூரை அமுங்கினால், கம்பெனி பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடம் உண்டு. ரேஸ் பெல்ட் உங்களை நிமிர்த்தியே பிடித்து வைக்கும். ரோல் கேஜ் (கூரை அமுங்காமல் தாங்கும் இரும்புக் கூண்டு), சரியான சீட், பெல்ட் மூன்றும் சேர்ந்தால்தான் சரி, அது இந்தப் பட்ஜெட்டில் வராது. கம்பெனி பெல்ட்டே போதும். பேட்டரி கிளாம்ப் அசையக்கூடாது. தீயணைப்பானை போல்ட் போட்டுப் பொருத்துங்கள். சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்தால் அது பெடலுக்குக் கீழே வந்துவிடும்.

இன்னொன்று, காரை ரோட்டில் ஓட்டித்தான் டிராக்குக்குப் போகப் போகிறீர்கள். ஆர்.சி.யில் உள்ளபடிதான் வண்டி இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. நான் மேலே சொன்ன எல்லாமே தேய்ந்த சாமானுக்குப் புதிய சாமான் என்பதால் அங்கே சிக்கல் இல்லை. உங்கள் கார் 15 வருடம் தாண்டியது, ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். ரேஸ், வேகச் சோதனை இவற்றில் நடக்கும் சேதத்தை நம் மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசிகள் ஏற்பதில்லை. காருக்கு என்ன ஆனாலும் அது உங்கள் பணம் என்று தெரிந்தே இறங்குங்கள்.

அன்றைய தினம் ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் பிட்டில் இறக்கி வையுங்கள், 20 கிலோ வரை குறையும். முதல் இரண்டு சுற்று மெதுவாக. ஐந்தாறு சுற்றுக்குப் பின் ஒரு சுற்று பிரேக்கே பிடிக்காமல் ஓட்டி ஆறவைத்து உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் பிரேக் பெடலில் காலை வைத்திருக்க வேண்டாம், ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டாம். முதல் கியரில் விட்டு சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள், நீங்கள் தண்ணீர் குடியுங்கள். வெளியே போகும் முன் ஒவ்வொரு முறையும் வீல் நட்டை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். பெடலை ஒரு முறை அழுத்திப் பாருங்கள், காலையில் இருந்த உயரம் இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான், மெதுவாக வீட்டுக்கு வாருங்கள். நானும் ஒரு முறை காலை பத்தரைக்கே அப்படித் திரும்பியிருக்கிறேன்.

டயரில் உள்ள அந்த நான்கு எண்ணையும், ஃப்ளூயிட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதையும் இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்து எதை முதலில் வாங்குவது என்று சொல்கிறேன்.