சொந்த ஊர்லயே ரூம் போட்டு தங்குற ‘ஸ்டேகேஷன்’ இப்ப ட்ரெண்டாமே, சென்னைல வொர்த்தா? வசதிங்கல்லாம் எப்டி இருக்கும்?

வொர்த்தான்னா, எவ்ளோ ரேட்டுல ரூம் பாக்கறீங்கங்கறத பொறுத்து. நீங்களும் சென்னைக்காரங்க, ஆதார்ல சென்னை அட்ரஸ் தான்னு வச்சிக்கிட்டு சொல்றேன்.

நாங்க வடசென்னைல தண்டையார்பேட்டை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்ப வீட்டுக்குள்ள முட்டிக்கால் வரைக்கும் தண்ணி, கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. எங்க அத்தைக்கு வீசிங், ராத்திரில நெபுலைசர் வச்சே ஆகணும், அது கரண்ட்ல ஓடுறது. சரி ரூம் எடுத்துடலாம்னு ஆப்ல காசு கட்டி, கேட்ட காசு தர்றோம்னு ஒரு ஆட்டோக்காரர கெஞ்சி, மிஷின வயர்கூடைல வச்சு மேல கவர் சுத்தி எடுத்துக்கிட்டு சென்ட்ரல் பக்கம் ஒரு லாட்ஜுக்கு போனா, ரிசப்ஷன் பையன் ஆதார திருப்பி அட்ரஸ பாத்துட்டு “மேடம், லோக்கல் ஐடிக்கு ரூம் தர்றதில்ல”ங்கறான். ஆப்ல கீழ எங்கயோ பொடி எழுத்துல போட்டிருக்காம். வீட்டுக்காரர், “தம்பி, அம்மா மூச்சு விடறத பாருப்பா, நாங்க இன்னா கூத்தடிக்கவா வந்திருக்கோம்”னு கேட்டாரு. “ஓனர் ரூல் சார், என் கைல இல்ல”ன்னுட்டான். அவன சொல்லி குத்தமில்ல. அன்னிக்கு ராத்திரி அயனாவரத்துல நாத்தனார் வீட்டு இன்வெர்ட்டர்ல தான் மிஷின் ஓடுச்சு.

உள்ளூர்க்காரங்களுக்கு ரூம் தரக்கூடாதுன்னு சட்டம்லாம் கிடையாதுங்க. ஓனருங்க தாங்களா வச்சிக்கிட்டது.

அப்புறம் ஒரு லீவுக்கு, வீட்டுக்காரர் ஆஃபீஸ்ல குடுத்த கூப்பன்ல ஈசிஆர்ல ஒரு ரிசார்ட்டுக்கு போனோம். (எங்க காசா இருந்தா போயிருக்க மாட்டோம், “பணத்திமிர்”னு யாரும் கிளம்பிடாதீங்க.) முந்தின நாளே வாட்ஸ்அப்ல லிங்க் வந்துச்சு, ஐடிய அதுலயே ஏத்தியாச்சு. போய் எறங்கினா கைல இளநி, “வெல்கம் மேடம், ஸ்டேகேஷனா?”ன்னு சிரிப்பு. அதே ஆதார், அதே தண்டையார்பேட்டை அட்ரஸ். ரெண்டாயிரம் ரூபா ரூம் கேட்டா லோக்கல் ஐடி, அதவிட அஞ்சாறு மடங்கு குடுத்தா ஸ்டேகேஷன், அவ்ளோதான் வித்தியாசம்.

வசதிங்கள பத்தி கேட்டதால சொல்றேன். தலகாணிக்கு மெனு கார்டு இருக்கு, மெத்துனு வேணுமா கட்டியா வேணுமான்னு. சாப்பாட்டு மெனு, ரூம் சர்வீஸ் எல்லாம் க்யூஆர் தான், தண்ணி கண்ணாடி பாட்டில்ல. டிவில நம்ம ஓடிடி அக்கவுண்ட்டயே போட்டுக்கலாம், கிளம்பும்போது மறக்காம லாக் அவுட் பண்ணிடுங்க. அத்தை பாத்ரூம்ல ரொம்ப நேரம் குட்டி ஷாம்பூ பாட்டில தேடிட்டு, “இன்னாடி, செவுத்துல ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்கான், எப்டி எடுத்துட்டு போறது”ன்னாங்க. மேரியட் மாதிரி பெரிய கம்பெனிங்க 2019லயே குட்டி பாட்டில நிறுத்தி பம்ப் பாட்டிலுக்கு மாறுறோம்னு சொல்லிட்டாங்க, இப்ப மத்தவங்களும் அதே வழிதான். பிளாஸ்டிக்க குறைக்கன்னு சொல்றாங்க, காசும் மிச்சம் தானே.

போறதா இருந்தா காசு கட்றதுக்கு முன்னாடி ஹோட்டலுக்கே போன் பண்ணி “லோக்கல் ஐடி ஓகேவா”ன்னு கேட்டுடுங்க, ஆப்ப நம்பாதீங்க. ஐடி அனுப்பும்போது கடைசி 4 நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் அனுப்புங்க, ஆதார் சைட்லயே டவுன்லோட் பண்ணலாம். ஒரு நாளைக்கு 7500 ரூபா வரைக்கும் உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22லருந்து ஜிஎஸ்டி 12 சதவீதத்துலருந்து 5 ஆயிடுச்சு, பில்ல பாத்து வாங்குங்க.

இன்னொன்னு, கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். நல்ல ஹோட்டல்னா எல்லாம் ஏன் ஓஎம்ஆர், ஈசிஆர், கிண்டின்னே இருக்கு? 2021லயே எங்க ஏரியா வழியா விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துடுச்சு, ஏர்போர்ட்லருந்து ஏறினா இங்க வந்து எறங்கலாம். இருந்தும் எங்க வீட்டு கல்யாணத்துக்கு வர்ற வெளியூர் சொந்தக்காரங்கள எக்மோர்ல தங்க வச்சு கூட்டிட்டு வர வேண்டியிருக்கு. கேட்டா “அந்த ஏரியாவுக்கு யாரு சார் வருவாங்க”ங்கறாங்க. எங்களுக்கு சொந்தக்காரங்களே கிடையாதா?

கமெண்ட்ல “சேஃப்டிக்காகத்தான் லோக்கல் ஐடி ரூல்”னு எழுத வர்றவங்க, அந்த சேஃப்டி ஈசிஆர் ரிசார்ட்ல ஏன் தேவப்படலன்னு சொல்லிட்டு அப்புறம் எழுதுங்க.