கிட்டாருக்கு ஐந்து பேர், டிரம்ஸுக்கு ஆளில்லை

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன், கீபோர்டு வாசிப்பேன். எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களையும் அதே காலத்து ஆங்கில பாப் பாடல்களையும் கல்யாண வரவேற்பு, அறுபதாம் பிறந்தநாள் மேடைகளில் வாசிக்க ஒரு குழு அமைக்க விரும்புகிறேன். ஆள் தேவை என்று அறிவித்தேன். ஐந்து கிட்டார்காரர்கள் வந்தார்கள். டிரம்ஸ், பேஸ் வாசிப்பவர் ஒருவர்கூட இல்லை. நல்ல ஆட்களை எப்படிப் பிடிப்பது?

பதில்: பொதுவாக “கலைஞர்கள் தேவை” என்றால் கிட்டார்காரர்கள்தான் வருவார்கள்; எந்த ஊரிலும் இதே கதைதான். அறிவிப்பைத் திரும்ப எழுதுங்கள். முதலில் பத்துப் பாடல்களை முடிவு செய்து, அவற்றை அப்படியே அறிவிப்பில் போடுங்கள். ஒத்திகை எந்தக் கிழமை, எங்கே, பணம் உண்டா என்பதையும் சேர்த்துவிடுங்கள். அந்தப் பாடல்களில் பிடிப்பு இல்லாதவர் தானே விலகிக்கொள்வார். குழுவில் எத்தனை பேர், எத்தனை குரல் என்பதும் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். வந்த ஐவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: பேஸ் கிட்டாருக்கு மாற யாருக்குச் சம்மதம்? ஒருவராவது தலையாட்டக்கூடும்.

டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நான் முதலில் போய்ப் பார்ப்பது நம் பெந்தெகொஸ்தே சபைகளைத்தான். ஞாயிறுதோறும் முழு வாத்தியக் குழுவோடு ஆராதனை நடக்கும் இடங்கள் அவை. அங்கே வளர்ந்த பிள்ளைகள் பாடுபவரின் வாயைப் பார்த்தே வாசிப்பார்கள். ஆனால் சனிக்கிழமை நள்ளிரவு வரை நிகழ்ச்சி என்றால் ஞாயிறு காலை இடிக்கும். சில சபைகளுக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. இரண்டையும் முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

தபேலா, டோலக்குக்குக் கோயில் பஜனைக் குழுக்கள் இருக்கின்றன. ரிதம் பேடில் பழகியவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே ஆள் பல கருவிகளின் ஒலியைத் தந்துவிடுவார். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பயிலும் மாணவர்களையும் மறக்க வேண்டாம். ஜாஸ் பியானோ கலைஞர் டேரியஸ் புரூபெக் எண்பதுகளில் வேரூன்றச் செய்த பாடப்பிரிவு அது. இளையராஜாவின் பேஸ் வரிகளை ஒரு ஜூலு இளைஞரிடம் கொடுத்துப் பாருங்கள். தமிழ் தெரியாதது ஒரு குறையாகவே இருக்காது.

ஆள் தேட நல்ல காலம் புரட்டாசி. விரத மாதத்தில் நம்மவர் கல்யாணம் வைப்பது அரிது என்பதால் வாசிப்பவர்கள் கை ஓய்ந்திருப்பார்கள். டிசம்பர் நெருங்கிவிட்டால் நல்ல டிரம்ஸ்காரர் உங்கள் அழைப்பை எடுக்கக்கூட மாட்டார்.

தேர்வுக்கு வருவோம். டிரம்ஸ்காரரிடம் பீ ஜீஸின் ‘ஸ்டேயின் அலைவ்’ (1977) கொடுங்கள். அந்தப் பதிவில் கேட்கும் டிரம்ஸ் முழுக்க நேரில் வாசித்தது அல்ல. டிரம்ஸ்காரர் ஊரில் இல்லாததால், ‘நைட் ஃபீவர்’ பாடலுக்கு அவர் வாசித்ததிலிருந்து சில நொடிகளை வெட்டி, ஒலிநாடாவை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டார்கள். அதனால் அதில் வித்தை காட்ட இடமே இல்லை. நான்கு நிமிடம் வேகம் கூடாமல், இடையில் உருட்டல் போடாமல் வாசிக்கிறாரா என்று பாருங்கள். இரண்டாவது நிமிடத்தில் கை துறுதுறுத்தால், அவர் வேறு குழுவுக்கு ஏற்றவர்.

கிட்டாருக்கு ‘இளைய நிலா பொழிகிறதே’ (1982) போதும். தொடக்கத்தை எல்லாரும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது பாடுபவர் வந்தபின் அவர் ஒலியைக் குறைத்துக்கொள்கிறாரா என்பதை.

பாடகரை முடிவு செய்யும்வரை எந்தப் பாட்டுக்கும் சுருதியை உறுதி செய்யாதீர்கள். எஸ்.பி.பி. எட்டிய இடத்தை எல்லாராலும் எட்ட முடியாது. ஐந்து கட்டைப் பாட்டை நான்குக்கு இறக்க வேண்டி வரலாம். உங்கள் கீபோர்டில் அது ஒரு பொத்தான் வேலை. கிட்டார்காரருக்கு அப்படி இல்லை. கிட்டாரின் கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற பிடிப்பான் சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது. விரல் அமைப்பையே மாற்ற வேண்டும். அவருக்கு ஒரு வாரமாவது முன்பே சொல்லுங்கள்.

நம் இளம் பாடகர்களில் பலர் தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் வைத்துத்தான் பாடுகிறார்கள். தவறில்லை. ஆனால் முன்வரிசையில் உட்காரும் ஆயாவின் காதுக்கு ழகரம் வழுக்கினால் உடனே தெரியும். ஒத்திகையில் ஒரு பெரியவரை உட்கார வைத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

பண விஷயத்தை முதல் ஒத்திகைக்கு முன்பே பேசுங்கள். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான், சுருதியில் அல்ல. ஆறு பேர் என்றால் ஏழு பங்கு போடுங்கள். ஏழாவது பங்கு ஒலிபெருக்கி வாடகை, பெட்ரோல், அறுந்த கம்பி ஆகியவற்றுக்கு. ஒருவர் ஃபீனிக்ஸிலிருந்தும் இன்னொருவர் டொங்காட்டிலிருந்தும் வருவதாக இருந்தால் ஒத்திகையை எப்போதும் உங்கள் வீட்டிலேயே வைக்காதீர்கள். மூன்றாவது வாரமே சாக்குகள் தொடங்கும்.

உரிமைத்தொகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொது அரங்கில் பிறர் பாடல்களை வாசிப்பதற்கான உரிமத்தை, இசை உரிமைத்தொகை வசூலிக்கும் சாம்ரோ அமைப்பிடம் பெறுவது வழக்கமாக அரங்கை நடத்துபவரின் பொறுப்பு. ஒப்புக்கொள்ளும் முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாடலைப் பதிவு செய்து வெளியிடுவதற்கு இந்த உரிமம் செல்லாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.